டொயோட்டா 2002: 3 ரேஸ்ல 2 பாயிண்ட், மிச்சம் 14 ரேஸ்ல முட்டை

2002 மார்ச் 3, ஞாயித்துக்கிழமை காலைல எட்டரை மணி. எங்க வீட்ல அப்ப கேபிள் டிவி, அடுப்படில சட்னிக்கு மிக்ஸி போட்டா டிவி படம் பூரா கோடு கோடா ஓடும், மெல்போர்ன் ஃபார்முலா 1 (எஃப்1) ரேஸ் ஸ்டார்ட் ஆகுற நேரம் பாத்து கரெக்டா மிக்ஸி ஓடுச்சு. கோடு நின்னு படம் தெளிவாகுறதுக்குள்ள பாதி காரை காணோம். முதல் கார்னர்ல பரிக்கெல்லோவோட ஃபெராரி மேல ரால்ஃப் ஷூமாக்கரோட வில்லியம்ஸ் ஏறி அப்படியே பறந்து போய் விழுந்திருக்கு, பின்னாடி வந்தவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி, ஒரு லேப் கூட முடியாம 8 காரு அவுட். அந்த எட்டுல ஒண்ணு, அன்னைக்குத்தான் எஃப்1-க்கு புதுசா வந்த டொயோட்டா. ஆலன் மெக்னிஷுக்கு அதுதான் முதல் எஃப்1 ரேஸ், பாவம் மனுசன் முதல் கார்னரை தாண்டல.

இன்னொரு டொயோட்டா தப்பிச்சிடுச்சு. மிக்கா சலோ ஓட்டினது. ரேஸ் முடியுறப்ப ஆறாவது இடம், அந்தக் காலத்துல முதல் ஆறு பேருக்குத்தான் பாயிண்ட், 10, 6, 4, 3, 2, 1 ன்னு. ஆக டொயோட்டாவுக்கு முதல் ரேஸ்லயே 1 பாயிண்ட். ரெண்டு வாரம் கழிச்சு மலேசியால மெக்னிஷ் ஏழாவது, ஒரே ஒரு இடத்துல பாயிண்ட் போச்சு. மூணாவது ரேஸ் பிரேசில், சலோ மறுபடியும் ஆறாவது. 3 ரேஸ்ல 2 பாயிண்ட், 3 ரேஸ்லயும் ஏதோ ஒரு டொயோட்டா முதல் ஏழுக்குள்ள. உலகத்துலயே பெரிய கார் கம்பெனிகள்ல ஒண்ணு, பணத்துக்குப் பஞ்சமே இல்ல, சொந்த எஞ்சின், சொந்த சேசிஸ் (காரோட உடம்பு), வந்த உடனே பாயிண்ட். இன்னும் ரெண்டு வருஷத்துல ஃபெராரிக்கு தண்ணி காட்டிடுவாங்கன்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டோம். நானும்தான் பேசினேன், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

அந்த சீசன்ல மொத்தம் 17 ரேஸ். மிச்சம் 14 ரேஸ்ல டொயோட்டா எடுத்த பாயிண்ட் பூஜ்யம். வருஷ முடிவுலயும் அதே 2 தான்.

இப்ப 2026 ரூல் மாத்தத்தோட ஆடி, கேடிலாக்னு ரெண்டு பெரிய கம்பெனி பேரு எஃப்1 கிரிட்ல, அதாவது ஸ்டார்ட் வரிசைல, வந்திருக்கு, ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் ஆளாளுக்கு தீர்ப்பு எழுதுறாங்க, அதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு இந்த டொயோட்டா கதைதான் ஞாபகம் வருது. ஒரு புது டீம் சீசன் ஆரம்பத்துல எடுக்கிற பாயிண்ட், அந்த டீமைப் பத்தி சொல்றத விட மத்த டீம் எல்லாம் அன்னைக்கு எந்த நிலமைல இருந்தாங்கன்னுதான் ஜாஸ்தி சொல்லும். ஏன்னு கொஞ்சம் விலாவரியா பாப்போம்.

முதல்ல அந்த மெல்போர்ன் ரேஸையே எடுத்துக்கலாம். ஸ்டார்ட் வரிசையை முடிவு பண்ற குவாலிஃபையிங்ல சலோ 14-வது, மெக்னிஷ் 16-வது. அதுதான் அந்த காரோட அன்னைக்கு உண்மையான வேகம். 14-ல இருந்து 6-க்கு சலோ பெருசா யாரையும் அடிச்சு முந்திப் போகல, முன்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தரா காணாம போனாங்க. 22 காரு ஸ்டார்ட் பண்ணி கடைசில 8 காருதான் ரிசல்ட்ல இருந்துச்சு, ஆரோஸ் ரெண்டையும் டிஸ்குவாலிஃபை வேற பண்ணிட்டாங்க. சலோவே ஜெயிச்ச மைக்கேல் ஷூமாக்கருக்கு 2 லேப் பின்னாடிதான் முடிச்சாரு. இதை விட சுவாரஸ்யம் நாலாவது வந்த ஆளு யாருன்னு பாத்தா. ஜாகுவார்ல எடி இர்வைன், 19-வது இடத்துல ஸ்டார்ட் பண்ணினவரு. அந்த வருஷ ஜாகுவார் எவ்வளவு மோசமான காருன்னு அதை ஓட்டினவங்களே சொல்லுவாங்க. அஞ்சாவது மினார்டில மார்க் வெப்பர், அவருக்கும் அதுதான் முதல் ரேஸ், 18-வதுல இருந்து வந்தவரு.

அன்னைக்கு சாயந்திரம் கன்ஸ்ட்ரக்டர்ஸ் டேபிள், அதாவது டீம்களோட பாயிண்ட் பட்டியல், எப்படி இருந்துச்சுன்னா, ஃபெராரி 10, வில்லியம்ஸ் 6, மெக்லாரன் 4, ஜாகுவார் 3, மினார்டி 2, டொயோட்டா 1. ரெனோ, சாபர், ஜோர்டான், பிஏஆர் எல்லாம் முட்டை. வருஷக் கடைசில ரெனோ 23 பாயிண்டோட நாலாவது, சாபர் 11 எடுத்து அஞ்சாவது. மார்ச் மாசம் அந்த டேபிளை கையில வச்சுக்கிட்டு யாராவது ஜாகுவார் மேல பந்தயம் கட்டியிருந்தா வேட்டி கூட மிஞ்சியிருக்காது.

சரி, மெல்போர்ன் விபத்துன்னு விட்டுடலாம். மலேசியாவும் பிரேசிலும் அப்படி இல்லையே, அங்க நிஜமாவே டொயோட்டா நல்லாத்தானே ஓடுச்சு? ஓடுச்சு. அதுக்கு காரணம் டொயோட்டா வந்த விதம்.

டொயோட்டா எஃப்1-க்கு வர்றோம்னு அறிவிச்சது 1999 ஜனவரில. முதல்ல 2001-ல வர்றதா திட்டம். ஆனா அவங்க வி12 எஞ்சின் (12 சிலிண்டர்) பக்கம் யோசிச்சிட்டு இருந்தப்ப ரூல்ல இனிமே வி10 (10 சிலிண்டர்) மட்டும்தான்னு கொண்டு வந்துட்டாங்க, திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டியதாச்சு, ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. அந்த ஒரு வருஷத்தை அவங்க சும்மா விடல. 2001 பூரா டிஎஃப்101ன்னு ஒரு கார், ரேஸுக்கே போகாத கார், டெஸ்டிங்குக்குன்னே செஞ்சது, அதை எடுத்துக்கிட்டு எஃப்1 நடக்கிற டிராக்குகளா பாத்து பதினோரு இடத்துக்குப் போய் ஓட்டிப் பாத்தாங்க. ஓட்டினது அதே சலோ, அதே மெக்னிஷ். இன்னைக்கு மாதிரி டெஸ்டிங்குக்கு கட்டுப்பாடு அப்ப கிடையாது, காசு இருந்தா எவ்வளவு வேணா ஓட்டலாம்.

அப்படி வந்த டீம் எப்படி இருக்கும்? பரீட்சைக்கு ஒரு வருஷம் முன்னாடியே மொத்த போர்ஷனையும் முடிச்சிட்டு வந்த பையன் மாதிரி இருக்கும். முதல் மாசத் தேர்வுல அவன்தான் நல்லா எழுதுவான். மத்த பசங்க அப்பதான் புத்தகத்தையே பிரிச்சிருப்பாங்க. 2002 சீசனுக்கான டிஎஃப்102வை டிசம்பர்லயே, 2001 முடியுறதுக்குள்ளயே காட்டிட்டாங்க. மத்த டீம் எல்லாம் ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் காத்தை அடிச்சு சோதிக்கிற விண்ட் டன்னல்ல இருந்து காரை வெளியவே விட மாட்டாங்க, ஏன்னா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சம் வேகம் கிடைச்சிக்கிட்டே இருக்கும். லேட்டா முடிச்சா வேகமான காரு, ஆனா மார்ச் மாசம் நம்ப முடியாத காரு. சீக்கிரம் முடிச்சா நின்னு ஓடுற காரு, ஆனா ஜூன் மாசம் பழைய காரு. டொயோட்டா ரெண்டாவது வகை.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஃபெராரியைப் பாருங்க. 2002 ஆரம்பத்துல ஃபெராரி புது காரையே கொண்டு வரல. மெல்போர்ன்லயும் மலேசியாலயும் போன வருஷத்து எஃப்2001தான் ஓடுச்சு, புது எஃப்2002 பிரேசில்லதான் வந்துச்சு, அதுவும் மைக்கேல் ஷூமாக்கருக்கு மட்டும். முதல் வேலையா அந்த ரேஸை ஜெயிச்சுச்சு. அந்த வருஷம் ஃபெராரி எடுத்தது 221 பாயிண்ட், மத்த பத்து டீமும் சேர்ந்து எடுத்ததும் 221. கணக்கு போட்டுப் பாருங்க, சரியா வரும். பழைய காரோட வந்தவன் கடைசில என்ன ஆனான், ஒரு வருஷம் முன்னாடியே தயாரா வந்தவன் என்ன ஆனான்!

இதுல இன்னொண்ணு டயர். அப்ப மிஷெலினுக்கும் பிரிட்ஜ்ஸ்டோனுக்கும் டயர் சண்டை உச்சத்துல இருந்த நேரம். டொயோட்டா மிஷெலின் பக்கம், ஆனா மிஷெலின் தன் டயரை வளர்த்தது பெரும்பாலும் வில்லியம்ஸையும் மெக்லாரனையும் மனசுல வச்சு, முன் வரிசைல இருக்கிறவனுக்குத்தானே முதல் மரியாதை. புது டீமுக்கு வர்றது வந்த டயர்தான், அதுக்கு ஏத்த மாதிரி சஸ்பென்ஷனை அவனேதான் மாத்திக்கணும். அதுக்கு அனுபவம் வேணும். ஒரு வருஷம் தனியா டெஸ்டிங் ஓட்டினதுல டொயோட்டாவுக்கு அவங்க காரு எவ்வளவு வேகம்னு தெரியும், பக்கத்துல இன்னொரு காரு இருக்கும்போது எவ்வளவு வேகம்னு தெரியாது. ரேஸ் ஓட்டாத ரேஸ் டீம். அது எங்க வெளிய வந்துச்சுன்னா மலேசியா ரேஸ் நடந்த செபாங்ல.

மலேசியா ரேஸ்ல மெக்னிஷ் நல்லா ஓட்டினாரு, அவருக்கு எஃப்1-ல அது ரெண்டாவது ரேஸ்னு சொன்னா நம்ப முடியாது. லெ மான் 24 மணி நேர ரேஸை 1998-ல போர்ஷேல ஜெயிச்சவரு, வயசு 32, இளம்புள்ள கிடையாது. பாயிண்ட் வாங்குற இடத்துக்கு வந்துட்டாரு, அப்ப பிட் ஸ்டாப்ல (ரேஸ் நடுவுல டயர் மாத்த, பெட்ரோல் போட நிக்கிறது) குளறுபடி ஒண்ணு நடந்துச்சு, காரு உள்ள வந்து நிக்குது, அந்த காருக்கு ஆளுங்க தயாரா இல்ல. எஃப்1-ல அது எப்படி இருக்கும்னா, கல்யாணத்துல பந்தி போட்டு உக்காந்தாச்சு, இலையே இன்னும் வரல. செகண்டுகள் ஓடுது. கடைசில ஏழாவது. ஆறாவது வந்தது ஃபெலிப்பே மாஸா, அவரும் புதுசு, அவருக்கும் ரெண்டாவது ரேஸ்தான், ஆனா அவரு இருந்தது சாபர்ல, பல வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதே வேலையா பிட் ஸ்டாப் செஞ்சவங்க கிட்ட. விண்ட் டன்னல் காசு குடுத்தா கிடைக்கும், இந்தப் பழக்கம் கிடைக்காது.

அந்த ஒரு பாயிண்ட் எவ்வளவு முக்கியம்னு அப்ப யாருக்கும் தெரியல. அதுக்கு மறுபடியும் மெல்போர்னுக்குப் போகணும்.

கடைசி சில லேப். வெப்பர் அஞ்சாவது, மினார்டில டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற பாகம்) தகராறு, காரை கெஞ்சிக் கூத்தாடி ஓட்டிட்டு வர்றாரு. பின்னாடி சலோ, நல்லா இருக்கிற டொயோட்டால, லேப்புக்கு லேப் நெருங்கிட்டே இருக்காரு. ஆல்பர்ட் பார்க்ல கூட்டம் மொத்தமும் எழுந்து நிக்குது, உள்ளூர் பையன், முதல் ரேஸ், கிரிட்லயே ஏழை டீமு. எப்படியும் சலோ முந்திடுவாருன்னு டிவில பாக்குற எல்லாருக்கும் தெரியும், எங்க வீட்ல மிக்ஸி நின்னு ரொம்ப நேரம் ஆச்சு. பக்கத்துல வந்தாரு, சலோ காரு அப்படியே சுத்திடுச்சு. யாரும் இடிக்கல, தானா சுத்திச்சு. வெப்பர் அஞ்சாவது முடிச்சாரு. முதல் மூணு பேரு மேடை ஏறுற அதிகாரபூர்வ போடியம் எல்லாம் முடிஞ்ச அப்புறம் வெப்பரும் மினார்டி முதலாளி பால் ஸ்டோடார்ட்டும், ரெண்டு பேருமே ஆஸ்திரேலியாக்காரங்க, போடியம் மேல ஏறி நின்னாங்க, அஞ்சாவது வந்தவன் போடியம் ஏறினத நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

வருஷக் கடைசி டேபிள்ல மினார்டி 2, டொயோட்டா 2. ரெண்டும் சமம், ஆனா மினார்டி கிட்ட ஒரு அஞ்சாவது இடம் இருக்கு, டொயோட்டா கிட்ட ரெண்டு ஆறாவதுதான், அதனால மினார்டி 9-வது, டொயோட்டா 10-வது. சலோ மட்டும் அன்னைக்கு சுத்தாம முந்திப் போயிருந்தா டொயோட்டாவுக்கு 3, மினார்டிக்கு 1. இல்ல செபாங்ல அந்த பிட் ஸ்டாப் ஒழுங்கா நடந்திருந்தாலும் ஒரு பாயிண்ட் முன்னாடி இருந்திருப்பாங்க. டொயோட்டாவுக்குப் பின்னாடி இருந்தது ஆரோஸ் ஒண்ணுதான், அவங்களும் அதே 2 பாயிண்ட், அதுவும் காசு தீர்ந்து சீசன் நடுவுலயே கடையை மூடிட்டுப் போன டீம்.

இதுல இன்னொரு கூத்து. டிஎஃப்102 டிசைன் பண்ண டொயோட்டா 2001 மே மாசம் குஸ்டாவ் புரூன்னரை எடுத்தாங்க. எங்க இருந்து? மினார்டில இருந்து. ஸ்டோடார்ட்டுக்கு அதுல செம கோவம், எங்க டிசைனரை காசு காட்டித் தூக்கிட்டாங்கன்னு. புரூன்னர் போறதுக்கு முன்னாடி மினார்டிக்கு ஒரு கார் செஞ்சு குடுத்திருந்தாரு, பிஎஸ்01. 2002-ல வெப்பர் ஓட்டின பிஎஸ்02 அதுல இருந்து வளர்ந்த காருதான். அதாவது டொயோட்டாவைத் தாண்டி டேபிள்ல மேல நின்னது, டொயோட்டா டிசைனரோட பழைய காரோட பிள்ளை. இத்தாலில ஃபயென்சான்னு ஒரு ஊர்ல, கையில இருக்கிறதை வச்சு ஒப்பேத்துற ஒரு சின்ன பட்டறைல பொறந்தது.

சரி டொயோட்டா ஏன் சீசன் நடுவுல வளரல? இது என் கருத்துதான், ஆனா பக்கத்துல இருந்து பாத்த பல பேரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுவாங்க. அவங்க எஃப்1 டீமை தொடங்கினது ஜெர்மனில கொலோன்ல. அங்க ஏற்கனவே ஓவே ஆண்டர்சன்னு ஸ்வீடன்காரரு, பழைய ரேலி டிரைவர், டொயோட்டாவுக்காக ரேலி டீம் நடத்திட்டு இருந்தாரு. ரேலில டொயோட்டா பெரிய ஆளு, கார்லோஸ் சைன்ஸ் 1990-லயும் 92-லயும் சேம்பியன், 93-ல கன்குனென், 94-ல ஓரியோல். 1995-ல எஞ்சினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற டர்போ ரெஸ்ட்ரிக்டர்ல ஒரு தில்லாலங்கடி பண்ணி மாட்டினாங்க, கழட்டிப் பாத்தா சட்டப்படி இருக்கும், காருல மாட்டினா காத்து கூடுதலா போகும், 12 மாசம் தடை. திரும்பி வந்து 1999-ல மேனுஃபேக்சரர் டைட்டில் அடிச்சாங்க. நடுவுல 98, 99-ல லெ மானுக்கு ஜிடி-ஒன்னுனு ஒரு காரு, பாக்கவே ராக்கெட் மாதிரி, 99-ல ரெண்டாவது வந்துச்சு, ஜெயிக்கல.

இந்த ஆளுங்க, இந்த இடம், இதை அப்படியே எஃப்1-க்குத் திருப்பினாங்க. சேசிஸும் எஞ்சினும் ஒரே கூரைக்குக் கீழ, அப்ப ஃபெராரி மட்டும்தான் அப்படி. கேக்க நல்லா இருக்கு. ஆனா எஃப்1 ஆளுங்க பாதிப் பேரு இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு, நார்தாம்ப்டன் சுத்து வட்டாரத்துல இருக்காங்க, ஒரு டீம்ல இருந்து இன்னொரு டீமுக்கு வேலை மாறினா வீடு மாறத் தேவையில்ல, பிள்ளைங்க ஸ்கூல் மாறத் தேவையில்ல. கொலோனுக்கு வர்றதுன்னா குடும்பத்தோட பொட்டி கட்டணும். அதோட டொயோட்டா கம்பெனி கலாச்சாரம் ஒண்ணு இருக்கு, எல்லாரும் கூடிப் பேசி, ஒத்துக்கிட்டு, மெதுவா, தப்பில்லாம. கொரோலா செய்ய அதை விட நல்ல வழி உலகத்துல கிடையாது. எஃப்1-ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை புது விங் வரணும், தப்பா இருந்தா தூக்கிப் போட்டுட்டு அடுத்தது, அங்க ஒரே ஒரு ஆளு ஆமா, இல்லன்னு சொல்லணும்.

அதுல அந்த ஆரம்ப 2 பாயிண்ட் உதவி பண்ணுச்சா கெடுத்துச்சான்னு கேட்டா, கெடுத்துச்சுன்னுதான் நான் சொல்லுவேன். முதல் ரேஸ்லயே முட்டை வாங்கியிருந்தா வழி தப்புன்னு யாராவது கேட்டிருப்பாங்க. பாயிண்ட் வந்ததும் பாதை சரிதான், டிரைவர்தான் பத்தலன்னு முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. சீசன் முடிஞ்சதும் ரெண்டு டிரைவரையும் மாத்திட்டாங்க. மெக்னிஷுக்கு கடைசி ரேஸ் கூட கிடைக்கல, சுசூகா குவாலிஃபையிங்ல 130ஆர் கார்னர்ல பயங்கரமா அடிச்சு, ரேஸ்ல இறங்கல. அதோட அவரு எஃப்1 ரேஸ் கணக்கு முடிஞ்சது. பின்னாடி ஆடில போய் 2008-லயும் 2013-லயும் லெ மான் ஜெயிச்சாரு, அப்ப டிரைவர் பிரச்னை இல்லன்னு புரியுது.

2003-ல பானிஸ், டா மாட்டா வந்தாங்க, 16 பாயிண்ட், 8-வது இடம். 2-ல இருந்து 16, எட்டு மடங்கு வளர்ச்சின்னு தோணும். ஆனா அந்த வருஷம்தான் பாயிண்ட் முறையை மாத்தி முதல் எட்டு பேருக்குன்னு ஆக்கினாங்க. அந்த 16-ஐ பழைய கணக்குல போட்டா, ஒரு அஞ்சாவது, ரெண்டு ஆறாவது, மொத்தம் 4 பாயிண்ட். எட்டு மடங்கு எங்க, ரெண்டு மடங்கு எங்க.

மத்த கம்பெனிங்க கதையையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். மெர்சிடிஸ் 1954-ல ஃபிரான்ஸ்ல ரைம்ஸ்ல முதல் ரேஸ்லயே ஒண்ணு ரெண்டு, ஃபாஞ்சியோவும் க்ளிங்கும். அது நிஜமான வேகம், அந்த வருஷமே ஃபாஞ்சியோ சேம்பியன். ஹோண்டா 1964-ல நூர்பர்க்ரிங்ல வந்தப்ப யாரும் கண்டுக்கல, அடுத்த வருஷக் கடைசில மெக்சிகோல ரிச்சி கிந்தர் ஜெயிச்சாரு. ரெனோ 1977-ல டர்போ எஞ்சினோட சில்வர்ஸ்டோன்ல இறங்கினப்ப புகை விட்டுப் புகை விட்டு நின்னதைப் பாத்து மஞ்சள் டீ கெட்டில்னு கிண்டல் பண்ணினாங்க, 1979-ல அதே ரெனோ டிஜோன்ல ஜெயிச்சுச்சு, அதுக்கப்புறம் சில வருஷத்துல எல்லாரும் டர்போவுக்கு மாறினாங்க. ஆரம்பத்துல சிரிப்பா சிரிச்ச டீம் பின்னாடி ஜெயிச்சிருக்கு. ஆரம்பத்துல கைதட்டு வாங்கின டொயோட்டா ஜெயிக்கவே இல்ல.

ரெனோ 2002-ல திரும்பி வந்தப்ப வேற வழில வந்தாங்க, ஓடிட்டு இருந்த பெனட்டன் டீமையே வாங்கி பேரை மாத்தினாங்க. பிட் ஸ்டாப் தெரிஞ்ச ஆளுங்க ஏற்கனவே இருந்தாங்க. டொயோட்டாவுக்கு அப்புறம் பெரிய கம்பெனிங்க பெரும்பாலும் இந்த வழிதான். பிஎம்டபிள்யூ சாபரை வாங்குச்சு, ஹோண்டா பிஏஆரை வாங்குச்சு, மெர்சிடிஸ் பிரானை வாங்குச்சு, இப்ப ஆடியும் சாபரைத்தான் எடுத்திருக்கு. கேடிலாக் மட்டும்தான் புது டீமா அடியில இருந்து கட்டிட்டு வர்றது, அதுவும் ஆரம்பத்துல ஃபெராரி எஞ்சினை வாங்கிப் போட்டுக்கிட்டு. டொயோட்டா மொத்த பாரத்தையும் தலைல தூக்கி வச்ச மாதிரி அவங்க வைக்கல.

புதுசா கட்டின டீமுக்கு கிட்டத்துல நடந்த உதாரணம்னா 2016-ல ஹாஸ். மெல்போர்ன்லயே க்ரோஷான் ஆறாவது, அடுத்து பஹ்ரைன்ல அஞ்சாவது, ரெண்டு ரேஸ்ல 18 பாயிண்ட், இன்டர்நெட்டே கொண்டாடுச்சு. மெல்போர்ன்ல அலோன்சோ விபத்தால ரெட் ஃப்ளாக் காட்டி ரேஸை நடுவுல நிறுத்தி, பிட் ஸ்டாப் பண்ணாம இருந்த க்ரோஷானுக்கு சும்மா டயர் மாத்திக்கிற வாய்ப்பு கிடைச்சுச்சு, அதை மறந்துட்டாங்க. வருஷம் பூரா 21 ரேஸ்ல ஹாஸ் எடுத்தது 29. அதுல 18 முதல் ரெண்டு ரேஸ்ல வந்தது. அதே ஹாஸ் கூட இப்ப டொயோட்டா டெக்னிக்கல் பார்ட்னரா கை கோத்திருக்கு, சொந்த டீம் வேணாம்னு பாடம் படிச்சிட்டாங்க போல.

அதனால புது டீமைப் பாக்கும்போது நான் பாயிண்ட் பக்கமே முதல்ல போறதில்ல. சனிக்கிழமை குவாலிஃபையிங்ல போலுக்கும் (முதல் இடம்) அவங்களுக்கும் எத்தனை செகண்ட் வித்தியாசம், அது மே மாசம் கூடுதா குறையுதான்னு பாப்பேன். யாரும் மோதாம, மழை இல்லாம, ஒரு சப்புனு போன ரேஸ்ல எத்தனாவது வந்தாங்கன்னு பாப்பேன். ரெண்டு காரும் ஒரே லேப்ல பிட்டுக்கு வந்தா என்ன ஆகுதுன்னு பாப்பேன், அதுல தெரிஞ்சிடும்.

நம்ம ஊர் ஆளும் இந்தக் கதைல ஒரு இடத்துல வர்றாரு. 2005-ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான்ல ஓட்டினாரே, அந்த காருல இருந்தது டொயோட்டா எஞ்சின். அந்த வருஷம் இண்டியானாபொலிஸ்ல டொயோட்டா டீமுக்கு த்ருல்லி மூலமா முதல் போல் பொசிஷன் கிடைச்சுச்சு, ஆனா மிஷெலின் டயர் தாங்காதுன்னு ஃபார்மேஷன் லேப் (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி மெதுவா ஓட்டுற ஒரு சுத்து) முடிஞ்சதும் மிஷெலின் காரு எல்லாம் பிட்டுக்குள்ள போயிடுச்சு, போல்ல நின்ன டொயோட்டாவும் சேர்ந்துதான். பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 காரு மட்டும் ஓடுச்சு, ஜோர்டான் டொயோட்டால மான்டெய்ரோ மூணாவது, நரேன் நாலாவது. இந்தியாக்காரர் ஒருத்தர் எடுத்த முதல் எஃப்1 பாயிண்ட் அது. எஞ்சின் வாடகைக்குப் போன வீட்ல விருந்து, சொந்த வீட்ல அடுப்பே பத்தல.

2005 மொத்தமா பாத்தா டொயோட்டாவுக்கு நல்ல வருஷம்தான், 88 பாயிண்ட், நாலாவது இடம், அதுலயும் ஆரம்பம்தான் பிரமாதம், மலேசியாலயும் பஹ்ரைன்லயும் த்ருல்லி ரெண்டாவது.

அப்புறம் 2009. புது ரூல், டபுள் டிஃப்யூசர்ங்கிற சூட்சுமத்தை (காரோட பின்பக்க அடில காத்தை வச்சு ரோட்டோட அமுக்குற அமைப்பு) ஆரம்பத்துலயே பிடிச்ச 3 டீம்ல டொயோட்டா ஒண்ணு. மெல்போர்ன்ல ரெண்டு காரும் பின் விங் பிரச்னைல குவாலிஃபையிங்ல இருந்து நீக்கி பிட் லேன்ல இருந்து ஸ்டார்ட், அப்படியும் த்ருல்லி 3, க்ளாக் 4. ஏப்ரல் 26 பஹ்ரைன், முன் வரிசை ரெண்டும் டொயோட்டா, த்ருல்லி போல், க்ளாக் பக்கத்துல. இன்னைக்கு முதல் ஜெயிப்புன்னு எல்லாரும் உக்காந்தோம். முதல் பிட் ஸ்டாப்ல கடினமான டயரைப் போட்டு விட்டாங்க, அந்த வெயில்ல அது வேலை செய்யல, காரு வேகமே இல்லாம போச்சு, மூணாவதும் ஏழாவதும். 4 ரேஸ் முடிஞ்சப்ப 26.5 பாயிண்ட், டேபிள்ல மூணாவது, ரெட் புல்லுக்கு ஒரே ஒரு பாயிண்ட் பின்னாடி.

ஒரு மாசம் கூட ஆகல, மே 23 மொனாக்கோ குவாலிஃபையிங். நேரப் பட்டியல்ல கடைசி ரெண்டு காரு. ரெண்டும் டொயோட்டா. நவம்பர் 4-ஆம் தேதி டோக்கியோல பிரஸ் மீட் வச்சு போறோம்னு சொன்னாங்க, டீம் தலைவர் யமஷினா பேச முடியாம அழுதுட்டாரு. 8 வருஷம், 13 போடியம், 3 போல், ஜெயிப்பு ஒண்ணு கூட இல்ல.